காலபோகக் கணக்கில் மட்டும் தொங்கும் பைத்தன் பைப்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற தம்பி ஒருவர், "அண்ணை, சப்புரோசெஸை நம்பி வேலையில் போடலாமோ?" என்று கேட்டிருந்தார். சப்புரோசெஸ் என்பது பைத்தனில் இருந்து வேறு புரோகிராமை ஓட்டும் மொடியூல். அதில் அந்தப் புரோகிராமைத் தொடக்கிவிடும் பி-ஓப்பன் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பாவிப்பது ஒரு நெல் ஆலைக் கணக்குக்கு. பைத்தன் பெயர்ப் பட்டியலை அனுப்பும். பில் அடுக்கும் பழைய சி புரோகிராம் ஒன்று பிள்ளைப் புரோசெஸாக ஓடி, ஒரு வரிக்கு நாலைந்து வரி திருப்பித் தரும். இரண்டுக்கும் இடையில் பைப், ஒருவர் எழுதுவதை மற்றவர் வாசிக்கும் குழாய். சிறுபோகத்தில் ஒரு கரைச்சலும் இல்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் அப்போது விதைப்பு, பட்டியலும் கட்டை. மாரி மழையோடு வரும் பெரிய போகமான காலபோகத்தில் முழுப் பட்டியலையும் கொடுத்தால் அப்படியே நிற்கும். பிழைச்செய்தி கிடையாது. எது எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் டொப்பில் பார்த்தால் இரண்டு புரோசெஸும் 0.0. வாசலில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திர வரிசை, இங்கே கர்சர் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

லினக்ஸ் பைப் ஒன்று வழக்கமாக 65,536 பைட்தான் கொள்ளும். பிள்ளை எழுதுவதை வாசிக்காமல் நாம் அனுப்பிக்கொண்டே இருந்தால் அதன் பக்கம் நிரம்பும். எழுத முடியாமல் நின்ற பிள்ளை வாசிக்கவும் மாட்டாது, பிறகு நம் பக்கமும் நிரம்பும். கீழ்மடை அடைபட்ட வாய்க்கால்தான். தமிழ் என்றால் இன்னும் கெதியாய்: எழுத்தைப் பைட்டாக்கும் யூடிஎப்-8 முறையில் 'கிளிநொச்சி' 30 பைட், அதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் 11. ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதிக்கிறவருக்கு இது லேசில் பிடிபடாது.

நியாயமாகச் சொன்னால், கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது: நேரே எழுதாமல், அனுப்புவதையும் வாங்குவதையும் சேர்த்துச் செய்யும் கொமியூனிகேட்டைப் பாவியுங்கள் என்று. 2015இல் பைத்தன் 3.5 பதிப்போடு வந்த ரன் என்ற பங்ஷனுக்கு இன்புட்டைக் கொடுத்துவிட்டால் அனுப்புவதையும் வாங்குவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அருமையான வேலை, எனக்கு ஒருநாளும் தொங்கியதில்லை. ஆனால் முழு விடையும் நினைவகத்தில் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். முதல் பில்லை உடனே அச்சுக்கு விடத்தானே ஐயா பைப்! சரி, கூடவே ஓடும் தனித் திரெட் போட்டு வரி வரியாக வாசிப்போம் என்றால், சி பக்கம் பிளஷ் செய்து வெளியே தள்ளாதவரை விடை அதன் பஃபரில், தற்காலிக நினைவகத்தில், கிடக்கும். டெர்மினலில் ஓட்டினால் மட்டும் ஒழுங்காய் வந்து நம்மைப் பேயாக்கும்.

அதனால் இவ்வளவு புகழ்ந்த ரன்னையும் இந்தக் கிழமை தூக்கிவிட்டேன். பட்டியலைத் தற்காலிகப் பைலில் எழுதி, அந்தப் பைலையே பிள்ளைக்கு ஸ்டிடின்னாக, அதாவது அது வாசிக்கும் உள்ளீடாகக் கொடுக்கிறேன். சி பக்கம் ஒரு பிளஷ், இந்தப் பக்கம் வாசிப்பு மட்டும்.

தம்பி, சப்புரோசெஸைத் தாராளமாகப் போடும். பைப்பை ஒரு பக்கம் மட்டும் வையும். பிழைச்செய்தி வரும் ஸ்டிடெரரையும் பைப்பில் கட்டிவிட்டு வாசிக்காமல் விட்டீரோ, அதுவும் 65,536இல் நிற்கும்.