டிவிஆர், என்விஆர், வைஃபை கேமரா: மூன்றையும் மாட்டிப் பார்த்தபின்

வாசலில் நிறுத்தியிருந்த பைக்கை ஏதோ வண்டி உரசிவிட்டுப் போயிருந்தது. பெரிய சேதமில்லை, ஒரு கண்ணாடியும் இண்டிகேட்டரும்தான். கேமராதான் இருக்கிறதே, பார்த்துவிடலாம் என்று கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரைத் திறந்தேன். நான்கு கட்டத்திலும் படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. ப்ளேபேக்கில் போனால் முந்தின நாள் காலி. அதற்கு முந்தின நாளும் காலி. மாதம் மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனதில், கடைசிப் பதிவு நாலு மாதத்துக்கு முந்தையது. ஹார்ட் டிஸ்க் எப்போதோ செத்துவிட்டது. நேரலைப் படத்துக்கு டிஸ்க் தேவையில்லை என்பதால் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே தெரிந்திருக்கிறது. டிஸ்க் பழுதானால் பீப் அடிக்கும் வசதி அந்தப் பெட்டியில் இருந்தது. ராத்திரியில் சத்தம் போடுகிறது என்று அதை அணைத்து வைத்தவனும் நான்தான்.

அன்றைக்குத் தொடங்கிய வேலை, மொத்த அமைப்பையும் மாற்றுவதில் போய் முடிந்தது. ஐந்து வருடம் டிவிஆர் ஓட்டியிருக்கிறேன். இப்போது மூன்று வருடமாக, நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி கேமராவும் அதற்கான பதிவுப் பெட்டியான என்விஆரும். நடுவில் ஒன்பது மாதம் ஒரு வைஃபை கேமரா. என் சாய்வு என்விஆர் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். டிவிஆர் முறையில் கேமரா வெறும் கண் மாதிரி. அது பிடிக்கும் படம் அனலாக் சிக்னலாக, கேபிள் டிவி வயர் மாதிரியான கோஆக்சியல் கேபிளில் வரும், அதை டிஜிட்டலாக்கிச் சுருக்கிப் பதிவு செய்வது பெட்டியின் வேலை. என்விஆர் முறையில் கேமராவே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். படத்தை உள்ளேயே சுருக்கி நெட்வொர்க் கேபிளில் அனுப்பும், பெட்டி வாங்கி எழுதிக்கொள்ளும். வைஃபை கேமராவில் பெரும்பாலும் பெட்டியே கிடையாது. உள்ளே ஒரு மைக்ரோஎஸ்டி கார்டு, இல்லாவிட்டால் மாதச் சந்தா கட்டும் கிளவுட்.

படத் தெளிவை வைத்து இவற்றுக்குள் தேர்வு செய்யாதீர்கள். அனலாக் என்றால் மங்கல் என்பது பழைய கதை. டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்ற உயர் தெளிவு அனலாக் முறைகள் வந்தபிறகு கோஆக்சியலிலும் 2, 5, 8 மெகாபிக்சல் கேமராக்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. மெகாபிக்சலைவிட லென்ஸ்தான் முக்கியம். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை உறுதியாக அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது ஈஎன் 62676-4 என்ற ஐரோப்பியத் தரநிலையின் 2015 பதிப்பு. 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 பிக்சல். வகுத்தால் ஏழே முக்கால் மீட்டர்கூட வரவில்லை. எல்லாரும் வாங்குகிற 2.8 மி.மீ. அகல லென்ஸில் அந்த அகலம் கேமராவிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டரிலேயே வந்துவிடும். 4 மெகாபிக்சலுக்குப் போனால் இன்னும் ஒரு மீட்டர்தான் கூடும். அதே 2 மெகாபிக்சலில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் 7 மீட்டர் வரை போகலாம், ஆனால் பக்கவாட்டில் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் முழு இடத்தையும் பார்க்க அகல லென்ஸ் ஒன்று, ஆள் நுழைகிற வழியில் குறுகிய லென்ஸ் ஒன்று, அதையும் ரொம்ப உயரத்தில் மாட்டாமல். மாடி உயரத்தில் மாட்டினால் தலை உச்சிதான் பதிவாகும். இது எந்த முறைக்கும் பொது.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. மாட்டுகிற நாளில் மூன்றுமே நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் வருடம், ஏதோ ஒரு கேமரா இருட்டானபிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டிவிஆரில் ஒவ்வொரு கேமராவுக்கும் படத்துக்கு ஒரு வயர், மின்சாரத்துக்கு ஒரு வயர். இரண்டு முனையிலும் பின். கேமரா ஒன்றுக்கு நாலு இணைப்பு, நாலு கேமராவுக்குப் பதினாறு. இதில் எது விட்டுப்போனாலும் திரையில் வருவது ஒரே வாசகம்: வீடியோ லாஸ். கேமரா போயிற்றா, கோஆக்சியல் முனையில் இருக்கும் பிஎன்சி பின் துரு பிடித்ததா, அடாப்டர் போயிற்றா, எலி கடித்ததா? ஏணியை எடுத்துக்கொண்டு ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு வந்த வினோதமான கோளாறு ஒன்றைச் சொல்கிறேன். பின்பக்கக் கேமரா பகல் முழுக்க நன்றாக ஓடும். பொழுது சாய்ந்ததும் படம் போகும், வரும், மறுபடி போகும். கேமராதான் கோளாறு என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அதுவும் அதையே செய்தது. கடைசியில் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஏணி மேல் உட்கார்ந்தேன். வெளிச்சம் இருக்கும்வரை கேமரா முனையில் 11 வோல்ட். இருட்டி, கேமராவைச் சுற்றியிருக்கும் இன்ஃப்ராரெட் எல்இடி எரிந்த அடுத்த நொடி 9க்குப் பக்கத்தில் விழுந்தது. கேமரா அணைந்து, மறுபடி உயிர் பெற்று, மறுபடி எல்இடி எரிந்து, மறுபடி அணைந்தது. முப்பது மீட்டர் தூரத்துக்கு நூல் மாதிரி மெல்லிய வயரில் 12 வோல்ட்டை அனுப்பினால் இப்படித்தான். கோஆக்சியலோடு சேர்ந்தே வரும் 3+1 கேபிளில் மின்சாரக் கம்பிகள் அவ்வளவு மெலிசு. தடித்த வயராக மாற்றியதும் சரியாகிவிட்டது. நல்ல கேமரா ஒன்றைக் கழற்றி வைத்ததுதான் மிச்சம்.

பிஓஇ என்று சொல்லும் முறையில், அதாவது ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் மின்சாரமும் சேர்ந்து போவதில், இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை. போவது 48 வோல்ட் அளவில். வழியில் இரண்டு மூன்று வோல்ட் குறைந்தாலும் கேமராவுக்குக் கவலையில்லை. பழைய 802.3ஏஎஃப் தரத்திலேயே ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தர முடியும். சாதாரண புல்லட் கேமரா இரவில்கூட அதில் பாதியைத் தொட்டால் அதிகம். எல்லை 100 மீட்டர்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கோளாறு பார்க்கலாம் என்பது. கேமராக் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச்சின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் எந்தப் போர்ட் எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரியும். வாசல் கேமரா பகலில் 4 வாட், இரவில் 7. இரவிலும் 4 என்று நின்றால் எல்இடி எரியவில்லை என்று அர்த்தம். பூஜ்யம் என்றால் கேபிள் அல்லது கேமரா. வாட் சரியாக இருந்து படம் மட்டும் வராவிட்டால் மென்பொருள் தகராறு, அந்தப் போர்ட்டை அணைத்துப் போட்டால் போதும், கேமரா புதிதாக எழுந்து வந்துவிடும். மூன்று வருடத்தில் ஏணி ஏறியது இரண்டே முறை. ஒருமுறை சிலந்தி வலை. இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குச் சிலந்தி வருகிறது, இரவில் படம் முழுக்க வெள்ளை நூல். இன்னொரு முறை நெட்வொர்க் கேபிள் முனையின் ஆர்ஜே45 பின்னுக்குள் தண்ணீர். அது என் தப்பு, பின்னைப் பெட்டிக்குள் வைக்காமல் சுவரோரம் தொங்கவிட்டிருந்தேன். கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்றினால் நீர் வளைவிலேயே சொட்டிவிடும், பின்னுக்கு வராது.

இந்த வசதிக்கு நிர்வாகம் செய்யக்கூடிய பிஓஇ ஸ்விட்ச் தனியாக வேண்டும். என்விஆரிலேயே பிஓஇ போர்ட்கள் வைத்து வருகிற பெட்டிகளும் உண்டு. செருகினால் கேமரா தானாகத் தெரியும், சுலபம். நாலு கேமராவோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு அதுவே போதும்.

அடுத்தது, மாற்று கிடைக்குமா என்பது. ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008இல் தொடங்கிய ஆன்விஃப் என்ற பொதுத் தரம் இருப்பதால், ஒரு கம்பெனி கேமராவை இன்னொரு கம்பெனி என்விஆரில் சேர்க்கலாம். படமும் பதிவும் வந்துவிடும். ஆனால் ஆளா வண்டியா என்று பிரித்துச் சொல்லும் அறிவிப்பு போன்றவை கம்பெனி மாறினால் பல நேரம் வருவதில்லை, என் இரண்டு கேமராவில் வரவில்லை. பெட்டி செத்துப்போனாலும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மென்பொருள் போட்டுச் சமாளிக்கலாம். கேமராவுக்குள் எஸ்டி கார்டு போட இடமிருந்தால் போட்டு வையுங்கள். பெட்டியையே தூக்கிக்கொண்டு போனாலும் கேமராவில் ஒரு பிரதி இருக்கும்.

டிவிஆரை ஒரேயடியாக மட்டம் தட்டவும் மனமில்லை. நாலு மாதப் பதிவு போனது டிவிஆரின் குற்றமும் அல்ல. பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய சாதாரண டிஸ்க்கை அதில் போட்டிருந்தேன். இருபத்துநாலு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி தனி டிஸ்க்குகள் இருக்கின்றன. அதை வாங்கியிருக்க வேண்டும். சுவருக்குள் ஏற்கனவே கோஆக்சியல் ஓடுகிறது, அது நல்ல நிலையில் இருக்கிறது என்றால், சுவரை உடைக்காமல் கேமராவையும் பெட்டியையும் மட்டும் மாற்றுவதே புத்திசாலித்தனம். நூறு மீட்டரைத் தாண்டுகிற தூரத்துக்கும் கோஆக்சியல் எளிது. ஐபி முகவரி, ஃபர்ம்வேர், பாஸ்வேர்ட் என்ற பேச்சே வேண்டாம் என்பவருக்கும் அதுதான்.

பாஸ்வேர்ட் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2016இல் மிராய் என்ற மால்வேர், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாத ஐபி கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக்கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. ஐபி முறையில் ஒவ்வொரு கேமராவும் ஒரு கதவு. எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யாதீர்கள், அதாவது கேமராவை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து விடாதீர்கள், வெளியிலிருந்து பார்க்க விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப்பாதை வழியே வாருங்கள். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது பிஓஇக்கு ஆகாது. இடி மின்னலில் வெளிக்கேபிள் வழியாக ஸ்விட்ச்சே போய்விடக்கூடும் என்ற பயமும் உண்டு. சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டிருக்கிறேன், அது காப்பாற்றுமா என்று சொல்கிற அளவுக்கு எனக்கு இன்னும் அடி விழவில்லை.

வைஃபை கேமராவைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள், ஒரே மாடல், ஒன்பது மாதம். பேட்டரியில் ஓடுவது அது. பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கிக்கொண்டே இருக்கும். யாராவது வந்தால் உடல் சூட்டை உணர்ந்து விழித்துப் பதிவைத் தொடங்கும். விழிக்கிற அந்த ஓரிரு நொடியில் வந்தவர் பார்சலை வைத்துவிட்டுத் திரும்பியிருப்பார். என்னிடம் விதவிதமான பிடரிகளின் பதிவு நிறைய இருந்தது. வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது, உள்ளே குழந்தையையோ வயதானவர்களையோ அவ்வப்போது எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் இதைவிட வசதி கிடையாது. மின்சாரத்தில் ஓடும் வைஃபை கேமராக்களுக்கு இந்தத் தூக்க வியாதி இல்லை, ஆனால் வயர் இழுக்கத்தான் வேண்டும். எப்படியும் ஒரு வயர் இழுக்கிறோம், அதை நெட்வொர்க் கேபிளாகவே இழுத்துவிடலாமே என்பது என் கட்சி. கார்டு மட்டும் போட்ட கேமராவைத் திருடன் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் அவனோடு போய்விடும் என்பதையும் யோசியுங்கள்.

டிஸ்க் அளவுக்குக் கணக்கு ஒன்றுதான். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 43 ஜிபி. நாலு கேமராவுக்கு 173. 2 டிபி டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பி, பழையதன்மேல் எழுதத் தொடங்கும். படத்தை இன்னும் இறுக்கிச் சுருக்கும் எச்.265 போட்டு 2 மெகாபிட்டுக்கு இறக்கினால் இருபத்துமூன்று நாள். வாசலுக்கு 4, ஆள் நடமாட்டமில்லாத பின்பக்கத்துக்கு 2 என்று வைத்து, 4 டிபி போட்டிருக்கிறேன். ஒரு பொருள் காணாமல் போனது பல நேரம் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் நமக்கே தெரிகிறது.

மறந்துவிடக்கூடிய இன்னொன்று கடிகாரம். ஐபி கேமராவில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம், என்விஆருக்கு ஒன்று. மாட்டிய புதிதில் படத்தின் மேல் ஒரு நேரமும் ப்ளேபேக் கோட்டில் வேறு நேரமும் காட்டியது, ஏழு நிமிட வித்தியாசம். கேமராக்கள் எல்லாம், நெட்வொர்க்கில் நேரத்தைச் சரிபார்க்கும் என்டிபி வழியே என்விஆரிடமே நேரம் கேட்கும்படி வைத்தபிறகு ஒழுங்காயிற்று.

அந்தப் பின்பக்கக் கேமரா மட்டும் இன்னும் பழைய கோஆக்சியலில்தான் ஓடுகிறது. சுவருக்குள் புதைந்த குழாயில் இன்னொரு கேபிள் நுழையவே மாட்டேன் என்கிறது. டிவிஆரை அந்த ஒன்றுக்காகவே உயிரோடு வைத்து, அதன் சேனலை, நேரலைப் படத்தை நெட்வொர்க்கில் அனுப்பும் ஆர்டிஎஸ்பி முறை வழியாக என்விஆரில் சேர்த்திருக்கிறேன். பதிவு என்விஆரில், டிவிஆரில் டிஸ்க்கே கிடையாது. இரண்டு பெட்டியிலும் பீப் சத்தத்தைத் திறந்து விட்டிருக்கிறேன். டிஸ்க் எங்கே என்று கேட்டு டிவிஆர் எழுந்திருக்கும்போதெல்லாம் கத்துகிறது, கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.