குவில்ட்டின் காலியிடத்துக்கு என்ன தையல்? பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

குவில்ட்டில், அதாவது இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையில், பூவோ நட்சத்திரமோ ஒட்டுவேலை செய்து முடித்தபின், சுற்றிலும் கிடக்கும் வெறும் துணியில் என்ன தையல் போடுவது? இதில்தான் நிறையப் பேர் தயங்குகிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் பல வருடமாகப் புழங்கும் குவில்ட்டுகளை வைத்துச் சொல்கிறேன்: தினமும் போர்த்துவதற்கு என்றால் விசிறி வளைவு.

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வில் போன்ற கோடுகள்தான் அது. அந்தக் காலத்தில் முழங்கையை ஊன்றி, கை வீசும் அளவுக்கு வளைவு போட்டுக் கையால் தைத்தார்கள். நானும் 8ஆம் எண் பெர்ல் காட்டன் நூலில், பெரிய தையலாக, ஓர் அங்குல இடைவெளியில் கையால்தான் தைத்தேன். ஒட்டுவேலை முழுக்க முக்கோணம் என்பதால், பின்னணியில் வளைவு வந்ததும் இரண்டுமே எடுப்பாகத் தெரிந்தன. துவைக்கத் துவைக்க இளகி, இப்போது உடம்போடு அப்படியே படிகிறது. மாலை மழைக்காலத்திலும் அரை நாள் வெயில் கிடைத்தால் காய்ந்துவிடும்.

நெருக்கமான ஸ்டிப்ளிங், அதாவது ஒன்றையொன்று வெட்டாமல் நெளிந்து நெளிந்து ஓடும் தையல், வேறு கதை. பஞ்சு அமுங்கிவிடுவதால், தையல் படாத பூக்கள் உப்பி எழும்பி நிற்கும். கண்ணுக்கு அதைவிட அழகு எதுவும் இல்லை. ஆனால் அந்த விறைப்பு இன்றுவரை போகவில்லை. சுவரில் மாட்டுவதற்கு மட்டும் அதைச் சொல்வேன். வாக்கிங் ஃபூட் (மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்தே நகர்த்தும் மெஷின் பாதம்) போட்டு மெஷினில் தைத்த சாய்வுக் கட்டம் இரண்டுக்கும் நடுவில். உறுதியானது, புதிதாகப் பழகுபவர்களுக்கு நல்லது.

எதைத் தேர்ந்தாலும் முதலில் பேட்டிங், அதாவது நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, வரும் உறையைப் படியுங்கள். வார்ம் அண்ட் நேச்சுரல் என்ற பேட்டிங் 10 அங்குல இடைவெளி வரை தாங்கும் என்கிறது; சில வகைகளுக்கு 4 அங்குலமே எல்லை. அடிக்கடி துவைக்கும் போர்வை என்றால் நான் எதிலும் நான்கைத் தாண்டமாட்டேன். இன்னொன்று, ஓரிடத்தில் நெருக்கமாகவும் பக்கத்தில் அகலமாகவும் தைத்தால் துணி அலை அலையாக இழுத்துக்கொள்ளும். காலியிடம் முழுக்க அடர்த்தி ஒரே மாதிரி இருக்கட்டும்.

நூல் துணியின் நிறத்திலேயே இருந்தால் கோணல்கள் தெரியாது. அப்புறம், தைக்கும் முன் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை மேலே விரித்து, மார்க்கரால் வரைந்து பாருங்கள். தாளின் ஓரத்தைச் சுற்றி வண்ண டேப் ஒட்டிவிட்டால் மை துணியில் இறங்காது.