முன்பக்கம் வளையம் வைத்த பாடி பெல்ட்: சிப்பிப்பாறைக்கு, அதுவும் கடற்கரையில், சரிப்படுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாயின் கழுத்தில் இல்லாமல் உடம்பில் மாட்டுகிற இந்த பெல்ட்டை வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை. ஆனால் இதைப் போட்டால் நாய் குரைப்பதை நிறுத்திவிடும் என்று விற்பவர்கள் போடுகிற வரியை நம்பி வாங்காதீர்கள். எந்த பெல்ட்டும் நாயின் பயத்தைப் போக்காது. தெருமுனையில் இன்னொரு நாய் தலைகாட்டும்போது உங்கள் தோள்பட்டை கழன்று போகாமல், உங்கள் நாயின் கழுத்து நெரியாமல், இருவரும் திரும்பி நடக்க இது ஒரு நொடி வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த நொடிக்குத்தான் மூன்றரை. மிச்சம் ஒன்றரை எங்கே போனது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீடு ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், மண்டபம் ஊரில். நாய் சிப்பிப்பாறை, பெண், பெயர் மயிலி. வீட்டுக்குள் இருந்தால் இருக்கிற இடம் தெரியாது. கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினால் வேறு பிறவி. தெரு நாயைப் பார்த்தால் பாய்ச்சல், ஆட்டு மந்தையைப் பார்த்தால் பாய்ச்சல், மீன் பெட்டி கட்டிய டூவீலர் ஆரன் அடித்துக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம். இப்படிப்பட்ட நாயைத்தான் ரியாக்டிவ் என்கிறார்கள். கடிநாய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் பயம், சில நாய்களுக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியவில்லையே என்ற ஆத்திரம். கயிறு இல்லாவிட்டால் விலகி ஓடியிருக்கும், கயிறு இருப்பதால் ஓட முடியாமல் எதிரில் இருப்பதை ஓடச் சொல்லிக் கத்துகிறது. அதுவும் விலகிப் போய்விட்டதென்றால் தீர்ந்தது, கத்தினால் காரியம் நடக்கும் என்று மனதில் பதிந்துவிடும். போதாக்குறைக்கு சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை இனம். தூரத்தில் ஓர் ஆட்டுக்குட்டி துள்ளினாலும் உடம்பு முறுக்கேறிவிடும்.

சரி, பெல்ட். பிராண்ட் பெயர் எழுதவில்லை, ஏனென்றால் இதே பொருளை வேறு வேறு பெயர் ஒட்டி ஆன்லைனில் விற்கிறார்கள். நெஞ்சில் ஒய் வடிவத்தில் பட்டை, நடு நெஞ்சில் ஒரு வளையம், முதுகில் ஒரு வளையம், அதன் பக்கத்திலேயே ஒரு கைப்பிடி, இறுக்கவும் தளர்த்தவும் நான்கு இடம், வயிற்றுப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் கிளிப், உள்ளே வலைத்துணி வைத்த மெத்தை. விலை ஆயிரத்தை ஒட்டி.

பார்க்க வேண்டியது அந்த நெஞ்சு வளையத்தைத்தான். முதுகு வளையத்தில் மட்டும் கயிறு போட்டால் நாய் மொத்த உடம்பையும் கொடுத்து இழுக்கும், பனியில் வண்டி இழுக்கிற நாய்களுக்குப் பின்பக்கம்தான் மாட்டுவார்கள். நெஞ்சில் மாட்டினால் கதை வேறு. வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் கட்டிய கயிற்றைக் கரையிலிருந்து இழுத்தால் அது தலை திரும்புகிற மாதிரி, நாய் பாய்கிற வேகமே அதைப் பக்கவாட்டில் திருப்பி நம்மைப் பார்க்க வைக்கிறது. நாம் பலம் காட்ட வேண்டியதில்லை. கழுத்துக்கும் நல்லது. கழுத்து பெல்ட்டில் இழுபடும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, பாடி பெல்ட்டில் அப்படிக் கூடவில்லை என்று 2006இல் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வே வந்திருக்கிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நெஞ்சின் குறுக்கே தோளை அழுத்தியபடி படுக்கையாகப் பட்டை ஓடுகிற மாடல் வேண்டாம், முன்னங்கால் வீச்சைத் தடுக்கும். ஒய் வடிவமே எடுங்கள்.

போன வாரம் வடகடல் பக்கம் வலை காயப்போட்டிருந்த இடத்தில் நடந்ததைச் சொன்னால் இன்னும் புரியும். கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்குப் பின்னாலிருந்து செவலை நாய் ஒன்று எழுந்து சோம்பல் முறித்தது. மயிலி உடனே குரைக்கவில்லை. முதலில் வாய் மூடியது. தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போனது, காதுகளின் அடி முன்னால் வந்தது, வால் விறைத்தது, பாரமெல்லாம் முன்னங்காலுக்கு இறங்கியது. குரைப்பு இதற்கு அப்புறம்தான் வரும், நமக்குக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டும்தான். "போலாம் வா" என்று சொல்லித் திரும்பினேன். பாயத்தான் செய்தாள், ஆனால் நெஞ்சு வளையம் இழுத்ததில் அது அரை வட்டமாகி என் முழங்காலில் வந்து முடிந்தது. உடனே வாயில் ஒரு துண்டு ஈரல். பக்கத்தில் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, நாலு போடு போட்டா அடங்கிப்போயிரும்ல?"

"அடிச்சா, அந்த நாயப் பாத்தாலே அடி விழும்னு நினைச்சுக்கும்ணே. அப்புறம் இன்னும் வெறிதான் கூடும்."

"அப்ப என் மச்சினனுக்கும் ஈரல்தான் குடுக்கணும் போல."

அவர் கேட்டது தப்பில்லை, ஊரெல்லாம் அப்படித்தான் வளர்க்கிறார்கள். ஆனால் உறுமும்போதெல்லாம் அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிட்டு நேராகக் கடிக்கப் போகும், அது இன்னும் ஆபத்து. எதிரில் நாய் தெரிந்தால் நல்ல தீனி வரும் என்று அதன் மனதில் ஏற வேண்டும். அதற்கு நாய் இன்னும் சாப்பிடுகிற நிலையில் இருக்க வேண்டும். தீனியைக் கண்டுகொள்ளவே இல்லையென்றால் நீங்கள் ரொம்பப் பக்கத்தில் போய்விட்டீர்கள், தூரத்தைக் கூட்டுங்கள். தீனி என்றதும் நம் ஊரில் நெத்திலிதான் நினைவுக்கு வரும், ஆனால் கருவாட்டில் உப்பு அதிகம், நாய்க்கு ஆகாது, அதோடு பையில் நெத்திலியோடு நடந்தால் தெருவில் உள்ள அத்தனை நாயும் பின்னாலேயே வரும். உப்புப் போடாமல் வேகவைத்த கோழி ஈரலை மூடி இறுக்கமான சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள்.

இந்தத் தூரம் என்கிற விஷயத்தில் நம் கடற்கரைக்கு ஈடில்லை. ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ரியாக்டிவ் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது வம்பை விலைக்கு வாங்குவது, மாடு, ஆட்டோ, யாத்திரைக் கூட்டம், ஒதுங்க இடமே கிடையாது. அரியமான் கடற்கரைப் பக்கம் விடியற்காலையில் போனால் அடுத்த நாய் எங்கேயோ புள்ளியாகத் தெரியும்போதே திரும்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே போகாதீர்கள். காற்றையும் பார்க்க வேண்டும். காற்று முகத்தில் அடித்தால் முன்னால் இருக்கிற நாயின் வாடை மயிலிக்கு முன்கூட்டியே வந்துவிடும், மூக்கைத் தூக்குவாள், எனக்கும் தெரிந்துவிடும். முதுகுக் காற்றில் நடந்தால் படகு மறைவில் படுத்திருப்பதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்ப்போம், தொலைந்தது. அதனால் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மேற்கே பார்த்தும், வாடைக் காற்றுக் காலத்தில் கிழக்கே பார்த்தும் நடையைத் தொடங்குவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் வேறு. அந்த 61 நாளும் படகுத்துறையில் கழிவு மீன் குறைந்துவிடுவதால் அங்கேயே கிடக்கிற நாய்களும் ஊருக்குள் வந்துவிடும், தெருவில் நடப்பது இன்னும் சிரமம்.

இப்போது அந்த ஒன்றரைக்கு வருகிறேன்.

முதல் குறை, உடம்புவாகு. இந்த பெல்ட்டெல்லாம் லாப்ரடார் அளவில் தைத்தவை. சிப்பிப்பாறைக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டி, தலையோ கழுத்தைவிடப் பெரிதாக இருக்காது. பயந்து பின்வாக்கில் இழுத்தால் வயிற்றுப் பட்டை மெலிந்த பக்கம் நழுவி, முன்னங்கால் மடங்கி, மொத்த பெல்ட்டும் தலை வழியாகக் கழன்று வந்துவிடும். கன்னி இன நாய் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். வழி இரண்டு. விலா முடிகிற இடத்தில் மூன்றாவது பட்டை ஓடுகிற மாடல் வாங்கலாம், கொஞ்சம் விலை கூட. இல்லையென்றால் கழுத்தில் மார்ட்டிங்கேல் பெல்ட் போட்டு, அதையும் பாடி பெல்ட்டையும் ஒரு குட்டிப் பட்டையால் இணைக்கலாம். மார்ட்டிங்கேல் என்பது இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகி நின்றுவிடுவது, இந்த மாதிரி ஒல்லித்தலை நாய்களுக்கு அதுதான் சரி. நான் இரண்டாவதைத்தான் செய்திருக்கிறேன்.

இரண்டாவது, உப்புக்காற்று. கூடவே கொடுக்கிற கயிற்றுக் கொக்கி முலாம் பூசிய மட்டமான உலோகம். பச்சை பூத்து, உள்ளே இருக்கிற ஸ்பிரிங் மாட்டிக்கொண்டு, நாக்குப் பகுதி பாதி திறந்தபடியே நின்றது. அது பாய்கிற நாயைப் பிடித்திருக்கும் கொக்கி என்பதை நினைத்துப் பாருங்கள். கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு பித்தளைக் கொக்கி வைத்த இரண்டு முனைக் கயிறு தனியாக வாங்கினேன், ஒரு முனை நெஞ்சுக்கு, ஒரு முனை முதுகுக்கு, நீளம் ஆறடி. படகுச் சாமான் விற்கிற கடையில் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியும் கிடைக்கும். எதுவானாலும் கடலோரம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குடிதண்ணீரைக் குடம் விலைக்கு வாங்குகிற மாவட்டத்தில் நாய் பெல்ட் அலசத் தண்ணீரா என்று வீட்டில் பாட்டு விழும், அரிசி கழுவிய தண்ணீர் போதும் என்று சமாதானம் செய்துகொள்ளலாம்.

மூன்றாவது அந்த வலைத்துணி. மணல் உள்ளே புகுந்து தங்கிவிடுகிறது, நெருஞ்சி முள் குத்தினால் வெளியே எடுப்பதற்குள் உயிர் போகிறது. மயிலிக்கு அக்குள் பக்கம் கொஞ்சம் முடி உதிர்ந்து தோல் சிவந்துவிட்டது. பட்டையை ஒரு விரல் அளவு பின்னால் தள்ளிப் போட்டதும், ஈரத்தோடு மாட்டுவதை நிறுத்தியதும் சரியானது. விற்றவரிடம் அளவு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்குப் பதிலே இல்லை, அதற்கும் கால் நட்சத்திரம் போனது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. சோக் செயின் வேண்டவே வேண்டாம், பயந்த நாயின் கழுத்தை நெரித்தால் பயம் குறையாது. பட்டன் அமுக்கினால் நீளுகிற சுருள் கயிறும் வேண்டாம், எப்போதும் இழுவையிலேயே இருப்பதால் இழுத்தால்தான் நகர முடியும் என்று நாய் பழகுகிறது, அந்த மெல்லிய கயிறு காலில் சுற்றினால் தோலை உரித்துவிடும். ஆளில்லாத மணலில் கொஞ்சம் சுதந்திரம் கொடுக்க ஐந்து மீட்டர் நீளப் பட்டை நல்லது, ஆனால் அதை முதுகு வளையத்தில் மட்டும் மாட்டுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் ஆமைகள் கரையேறி முட்டையிடுகிற மாதங்களில் அதையும் சுருக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், நாய் தோண்டினால் ஒரு குழி முட்டையும் போச்சு. கடிக்கும் என்ற சந்தேகம் இருந்தால் வாய்க்கூடை பழக்குங்கள், வாயைத் திறந்து மூச்சிரைக்க இடமுள்ள கூடை மாதிரி. வாயை இறுக்கிப் பிடிக்கிற துணிப்பட்டை நம் வெயிலுக்கு ஆபத்து, நாய் நாக்கைத் தொங்கவிட்டுத்தான் சூட்டைத் தணிக்கிறது. வெறிநாய்க்கடி ஊசியை வருடம் தவறாமல் போட்டுவிடுங்கள். நடுவில் புகுந்து பிரிக்கும்போது உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வாங்கப் போகிறவர்கள் நாயின் எடையைப் பார்த்து சைஸ் எடுக்காதீர்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், கழுத்தின் அடிப்பகுதியையும் தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். சிப்பிப்பாறைக்கு நெஞ்சு லார்ஜ் கேட்கும், கழுத்து மீடியம் கேட்கும். லார்ஜ் எடுத்துக் கழுத்துப் பட்டையை முழுவதும் இறுக்கியும் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நிறம் ஆரஞ்சு எடுங்கள். கறுப்பு வெயிலில் சுடும், விடியற்காலை இருட்டில் ரோட்டோரம் நடந்தால் லாரிக்காரருக்குத் தெரியவும் தெரியாது.