உத்திரமும் ஒட்டகமும்: எல்டன் ட்ரூபிளட்டின் 'தி ஹியூமர் ஆஃப் கிரைஸ்ட்' நூல் மதிப்புரை

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள எர்லாம் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவரும் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவருமான எல்டன் ட்ரூபிளட் 1964இல் வெளியிட்ட இந்தச் சிறிய ஆங்கில நூல், இயேசுவின் நகைச்சுவை என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு சுவிசேஷங்களை வாசிக்கிறது. குடும்பமாக மத்தேயு 7ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பைப் பார்க்கிறவனைப் பற்றிக் கேட்டு அவருடைய நான்கு வயது மகன் சிரித்துவிட்டதுதான் நூலுக்கு வித்து. அதே வசனத்தை ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய நாம் சிரிப்பதில்லை. தலையை மட்டும் அசைக்கிறோம்.

நம் இறுக்கத்துக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. கிறிஸ்து அழுததைக் காண்கிறோம், சிரித்ததை எங்கும் காண்பதில்லை என்று 4ஆம் நூற்றாண்டிலேயே பண்டைய திருச்சபையின் புகழ்பெற்ற போதகர் யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கித்தார். 6ஆம் நூற்றாண்டில் மடாலயங்களை நிறுவிய பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குவிதியும் சிரிப்பைக் கட்டுப்படுத்தியது. ட்ரூபிளட் இந்தப் பாரம்பரியத்தோடு சண்டைக்குப் போகாமல், வசனங்களையே மறுபடியும் வாசிக்கச் சொல்கிறார். கொசு வராதபடி வடிகட்டிவிட்டு ஒட்டகத்தைக் கழுத்து, திமில், கால்கள் என்று விழுங்குகிற பரிசேயனை, அதாவது மதச்சட்டத்தை நுணுக்கமாகக் கடைப்பிடித்த யூதனை, மனக்கண்ணில் ஒருமுறை பார்த்துவிட்டால், அது வெறும் கண்டனமாகத் தோன்றாது. இயேசுவின் பேச்சில் மிகுந்திருப்பது அங்கதம், அதாவது சொல் ஒன்றும் பொருள் வேறுமான கேலி என்றும், காயப்படுத்துவதற்காகச் சொல்லும் ஏளனம் வேறு என்றும் அவர் பிரித்துக்காட்டுவது நூலின் வலுவான வாதம். அந்தச் சிரிப்பு எளியவர்களைத் தொடுவதில்லை; தெருமுனையில் நின்று ஜெபிப்பவர்களையும் விருந்தில் முதன்மையான இடத்தைத் தேடுபவர்களையுமே குறிவைக்கிறது.

லூக்கா 16இல் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரனை, அதாவது எஜமானின் சொத்தைக் கவனிக்கும் மேலாளனைப் பற்றிய விளக்கத்துக்காகவே இந்நூலை வாங்கலாம். நூறு குடம் எண்ணெயை ஐம்பதாகவும், நூறு கலம் கோதுமையை எண்பதாகவும் கணக்கில் மாற்றி எழுதும்படி எஜமானின் கடன்காரர்களிடம் சொன்னவனை எஜமான் மெச்சினான் என்பதும், அநீதியான உலகப்பொருளால் சிநேகிதரைச் சம்பாதியுங்கள் என்ற அறிவுரை அதைத் தொடர்வதும் பிரசங்கிகளைத் தலைமுறை தலைமுறையாகத் திணறவைத்திருக்கின்றன. எவ்வளவோ சுற்றிவளைத்த விளக்கங்களைக் கேட்டிருக்கிறேன். அந்த அறிவுரையை இயேசு நேர்ப்பொருளில் சொல்லவில்லை, அங்கதமாகச் சொன்னார் என்று வாசித்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்கிறார் ட்ரூபிளட். எனக்கும் அதைவிடப் பொருத்தமான வாசிப்பு கிடைக்கவில்லை.

மகளைக் குணமாக்கும்படி இயேசுவிடம் வந்த, யூதரல்லாத சீரோபேனிக்கியா ஸ்திரீயைப் பற்றிய பகுதியில் அதே அளவுக்கு உடன்பட முடியவில்லை. பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுகிறது நல்லதல்ல என்று இயேசு சொன்னதும், மேஜையின் கீழிருக்கும் நாய்க்குட்டிகளும் துணிக்கைகளைத் தின்னுமே என்று அவள் மடக்கியதும் இருவரும் புன்னகையோடு நடத்திய சொல்லாட்டம் என்கிறார். அவளுடைய சாதுரியத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் குரலின் தொனியை இதைச் சொல்லும் சுவிசேஷக்காரர் மாற்கு எழுதிவைக்கவில்லை. மகளுக்காக மன்றாடி நிற்கும் தாயிடம் அந்தச் சொல் விளையாட்டாகப் போய்ச் சேர்ந்திருக்குமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பின்னிணைப்பில் முதல் மூன்று சுவிசேஷங்களிலிருந்து 30 நகைச்சுவைப் பகுதிகளைப் பட்டியலிட்டிருக்கிறார். சிலவற்றில் நகைச்சுவையை வலிந்து கண்டிருக்கிறார் என்றாலும், வேதபாட வகுப்பு நடத்துபவர்களுக்கு இந்தப் பட்டியல் உடனடியாகப் பயன்படும். எல்லை அங்கேயே நின்றுவிடுவதுதான் குறை. பழைய ஏற்பாட்டில், பாகால் என்ற தெய்வம் ஒருவேளை தூங்கினாலும் தூங்குவான், இன்னும் சத்தமாய்க் கூப்பிடுங்கள் என்று தீர்க்கதரிசி எலியா அதன் பூசாரிகளைக் கேலி செய்ததும், அப்போஸ்தலர் நடபடிகளில், சிறையிலிருந்து தப்பிவந்த பேதுருவின் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் ரோதை என்ற பணிப்பெண் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடியதும் அதில் இல்லை.

சிரிப்புத் துணுக்குகளை எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள், ஏனெனில் நடை பேராசிரியர் நடைதான். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து, பின்னிணைப்பிலிருந்து தொடங்கி, பிறகு முதல் அதிகாரத்துக்கு வருவது நல்லது.