ரைஃபிள் போல்ட் பராமரிப்பு: எந்தக் கருவிக்குச் செலவிடலாம், எந்தப் பாகத்தை மாற்றலாம்

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கென்று விற்கப்படும் பெரிய கருவிப் பெட்டிகளில், போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்புறத்தைப் பூட்டும் நகரும் பாகம்) பிரித்துச் சுத்தம் செய்ய உண்மையில் உதவும் பொருட்கள் மிகச் சிலவே. அப்படிப்பட்ட ஒரு பெட்டியையும், தனித்தனியாக வாங்கிச் சேர்த்த சில கருவிகளையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்த பின் எழுதும் மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டி தேவையில்லை, அந்தப் பணம் உங்கள் ரைஃபிளின் மாதிரிக்கென்றே செய்யப்பட்ட பிரிப்புக் கருவிக்கும், ஓர் அளவுக்கருவிக்கும், நம்பகமான ஸ்பிரிங்குக்கும் போகட்டும்.

பெட்டியின் முதற்குறை அதன் பஞ்சுகளில் (punch, பின்களைத் தட்டி வெளியேற்றும் உலோகக் கம்பிகள்) தெரிந்தது. மென்மையான எஃகில் செய்யப்பட்டிருந்ததால், இறுகிய பின்னை ஓரிரு முறை தட்டியதுமே மெல்லிய பஞ்சின் முனை வளைந்தது. அதைவிட முக்கியம், எல்லாமே தட்டை முனை கொண்டவை. உள்ளே குழிவான ரோல் பின்னைத் தட்டை முனையால் அடித்தால் அதன் விளிம்பு நசுங்கும். நடுவில் சிறு குமிழ் உள்ள ரோல் பின் பஞ்சே அதற்குரியது. அந்தக் குமிழ் பின்னின் குழியில் அமர்ந்து, பஞ்சு வழுக்காமல் காக்கிறது. நல்ல தரத்தில் இரண்டு மூன்று பஞ்சு, ஒரு சிறிய பித்தளைச் சுத்தியல், துளையிட்ட ஒரு தாங்குகட்டை ஆகியவை இருந்தால் இந்தப் பகுதி முடிந்தது.

பிரிப்புக் கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லா ரைஃபிளுக்கும் அது தேவைப்படுவதில்லை. மவுசர் 98 வகையில் சேஃப்டியை (சுடாமல் தடுக்கும் தாழை) நடு நிலையில் நிறுத்தினால், ஊசியும் (தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கச் செய்யும் கம்பி) ஸ்பிரிங்கும் சேர்ந்த பின்பகுதி முழுவதையும் கையாலேயே திருகி எடுத்துவிடலாம். ஸ்பிரிங்கை அமுக்கி ஊசியைத் தனியே கழற்றுவதற்கென்று, ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட கார் 98கே ரைஃபிளின் கட்டையிலேயே துளையுள்ள ஓர் உலோக வட்டு பதிக்கப்பட்டிருக்கும். 1962-இல் வெளிவந்த ரெமிங்டன் 700-இல் அந்த வசதி இல்லை. காக்கிங் பீஸை (ஊசியின் பின்முனையில் உள்ள பாகம்) பின்னால் இழுத்து, அதிலுள்ள வெட்டில் ஒரு நாணயத்தைச் செருகி, பின்பகுதியைத் திருகி எடுப்பது பலரும் கையாளும் வழி. அது வேலை செய்யும். ஆனால் அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைக் கைவிரலுக்கும் ஒரு நாணயத்துக்கும் நடுவே நம்பி விடுவதைவிட, திருகினால் தானே காக்கிங் பீஸை இழுத்துப் பிடிக்கும் கருவி பாதுகாப்பானது. அந்த மாதிரியை அடிக்கடி பிரிப்பவருக்கு அது வீண் செலவில்லை. லீ என்ஃபீல்டில் நிலைமை வேறு: ஊசியைக் கழற்ற, போல்ட்டின் குழலுக்குள் நீளமாகச் செல்லும் தனிக்கருவி இல்லாமல் முடியாது. ‘எல்லா மாதிரிக்கும் பொருந்தும்’ என்று உறையில் அச்சிட்ட கருவி எதுவானாலும் நான் வாங்கத் தயங்குவேன்.

மாற்றுப் பாகங்களில் அதிகம் விற்பது ஊசி ஸ்பிரிங்தான். தோட்டா வெடிக்கத் தவறும்போதெல்லாம் ஸ்பிரிங்கை மாற்றிவிடச் சொல்வது வழக்கமாகிவிட்டது. போல்ட்டுக்குள் உறைந்துபோன பழைய எண்ணெயும் அழுக்கும் ஊசியின் வேகத்தைக் குறைத்து அதே கோளாறைத் தரும் என்பதால், முதலில் கழுவித் துடைத்துப் பார்ப்பதே முறை. பிறகும் ஐயம் இருந்தால், ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, சுமையில்லா நீளத்தைத் தயாரிப்பாளர் தரும் அளவோடு ஒப்பிட வேண்டும். வாங்கும்போது குரோம் சிலிக்கான் கம்பியில் செய்ததைத் தேர்ந்தால், மியூசிக் வயர் என்ற சாதாரண எஃகுக் கம்பியைவிட அது தளராமல் நெடுநாள் நிற்கும். ‘கூடுதல் பலம்’ என்று விற்கப்படுபவை ஊசியை விரைவாகச் செலுத்தினாலும், கைப்பிடியைத் தூக்கும்போது அந்தப் பலம் முழுவதும் கைக்கு எதிராக நிற்கும்; வேட்டைக்கும் பயிற்சிக்கும் தொழிற்சாலை அளவே போதும்.

ஊசியை மாற்றினால் அது போல்ட்டின் முகத்திலிருந்து எவ்வளவு வெளியே நீள்கிறது என்பதை அளந்தே தீர வேண்டும். குறைந்தால் பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள, குத்தினால் வெடிக்கும் சிறு மூடி) வெடிக்காது. மிகுந்தால் பிரைமர் துளைபட்டு வாயு பின்னோக்கி வரும். மோசின் நாகான் ரைஃபிளோடு தரப்பட்ட ஸ்குரூடிரைவரில் 75, 95 என்ற இரு வெட்டுகள் இருக்கும். ஊசி முனை நீளக்கூடிய எல்லைகளை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், அதாவது ஏறத்தாழ 1.9 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை, அவை காட்டும். படைவீரர் கையில் இருந்த ஒரு எளிய கருவி செய்த வேலையை இன்றைய பெரிய பெட்டிகளில் பல செய்வதில்லை என்பது வியப்பே. மற்ற ரைஃபிள்களுக்கு ஆழம் அளக்கும் வசதியுள்ள காலிப்பர் போதும், ஆனால் எல்லை மாதிரிக்கு மாதிரி வேறுபடும். ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

எக்ஸ்ட்ராக்டரும் (தோட்டாவின் கூட்டைப் பற்றி இழுக்கும் கொக்கி) எஜெக்டரும் (அந்தக் கூட்டை வெளியே தள்ளுவது) சிறிய பாகங்கள் என்றாலும் வாங்கும்போது கவனம் வேண்டும். போல்ட் முகத்துக்குள் ஸ்பிரிங்கால் தள்ளப்படும் எஜெக்டர், குறுக்குப் பின்னை எடுத்ததும் பாய்ந்து வெளியேறும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அதைத் தொட வேண்டாம். எக்ஸ்ட்ராக்டர் சில போல்ட்டுகளில் ரிவிட்டால் பொருத்தப்பட்டிருக்கும். அதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. தயாரிப்பாளரின் பாகம் சற்று விலை கூடினாலும், மலிவான மாற்றுப் பாகத்தை அரத்தால் தேய்த்துப் பொருத்தும் தொல்லை அதில் இல்லை.

முழு போல்ட்டையோ போல்ட் தலையையோ மாற்றுவது வேறு வகைச் செயல். லீ என்ஃபீல்டு எண் 4 ரைஃபிளுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகள் வந்ததன் காரணமே, தோட்டா அமரும் இடைவெளியைச் சரிசெய்வதற்குத்தான். அந்த இடைவெளியை கோ (குறைந்தபட்ச அளவு), நோ-கோ (மீறக் கூடாத அளவு) அளவிகளால் பார்க்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டரையும் எஜெக்டரையும் கழற்றிய பின், கோ அளவியின் மேல் போல்ட் மூட வேண்டும், நோ-கோவின் மேல் மூடக் கூடாது. பூட்டும் லக்குகளை (போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்புகள்) தேய்த்துப் பளபளப்பாக்கும் பசைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை இந்த இடைவெளியைக் கூட்டிவிடும் என்பதால் வீட்டு மேசையில் அவற்றுக்கு இடமில்லை. பல நாடுகளில் போல்ட் தனியாகவே உரிமச் சட்டத்துக்குள் வரும் பாகம் என்பதையும் பழைய போல்ட்டை இணையத்தில் தேடுவோர் மறக்கலாகாது.

மசகு விஷயத்தில் சிறு குழாய் கிரீஸும் மெல்லிய எண்ணெயும் போதும். லக்குகளின் பின்புறத்தில் கிரீஸை மெல்லப் பூசுங்கள். ஊசியும் ஸ்பிரிங்கும் ஓடும் உட்குழலில் எண்ணெயைத் துணியால் துடைத்தெடுத்த பின் மிஞ்சும் படலமே இருக்கட்டும், குளிர்ப்பகுதிகளில் அதுவும் வேண்டாம்.