பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: பிசிவி வால்வைக் கழற்றச் சொல்லும் பட்டறைகள்

கோயம்புத்தூர், பொள்ளாச்சி பக்கம் பழைய பெட்ரோல் கார் ஓட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இழுத்து வெளியேற்றும் பிசிவி வால்வையும் அதன் ஓஸையும் காட்டி, "இந்தப் பைப்பை எடுத்துட்டா மைலேஜ் ஏறும்ங்ண்ணா, இது சும்மா பொல்யூஷனுக்கு வெச்சது" என்று எந்தப் பட்டறையிலாவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எங்கள் வண்டியில் அந்த வேலையைச் செய்துவிட்டு, அதனால் வந்த கோளாறையே காட்டி எஞ்சின் வேலைக்கு 42,000 ரூபாய் எஸ்டிமேட் நீட்டினார்கள்.

வண்டி அப்பாவுடைய மாருதி எஸ்டீம், கார்புரேட்டர் மாடல். தோட்டத்துக்கும் பொள்ளாச்சி சந்தைக்கும் போய்வர, எப்போதாவது வால்பாறை. ஏர் ஃபில்டர் ஆயிலில் நனைந்திருக்கிறது என்று கோவையில் ஒரு பட்டறையில் விட்டிருந்தார். பெயரைக் கேட்காதீர்கள், போடப்போவதில்லை. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், டாப்பெட் கவரிலிருந்து (எஞ்சினின் மேல்மூடி) ஏர் கிளீனருக்குப் போகும் ஓஸைக் கழற்றி இரண்டு பக்கமும் அடைத்து, மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்) போகும் பிசிவி வால்வைப் பிடுங்கி எறிந்து, அந்த ஓஸ் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்து கிளிப் போட்டு முறுக்கிவிட்டார்கள். பில்லில் "ஜெனரல் டியூனிங்" என்று ஒரே வரி, 2,800 ரூபாய்.

அந்த வால்வு எதற்கு என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு மோசமான வேலை என்று புரியும். எஞ்சின் எவ்வளவு புதிதாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும், அதில் எரியாத பெட்ரோலும் நீராவியும் அமில வாடையும் இருக்கும், அது கிராங்க்கேஸிலேயே (ஆயில் இருக்கும் எஞ்சின் அடிப்பகுதி) தங்கினால் ஆயிலோடு கலந்து சேறாகும், வெளியே போக வழி இல்லையென்றால் அழுத்தம் ஏறி எந்த சீல் பலவீனமோ அதைத் தள்ளும். அதனால்தான் ஒரு பக்கம் ஏர் கிளீனரிலிருந்து நல்ல காற்று உள்ளே வர, மறுபக்கம் மேனிஃபோல்டின் வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, அந்த வாயுவை இழுத்துத் திரும்ப எரிக்கிறது. நடுவில் இருக்கும் வால்வு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) வேக்குவம் பலமாக இருக்கும்போது குறைவாகத் திறக்கும், வேகம் பிடிக்கும்போது அதிகமாகத் திறக்கும், பேக்ஃபயர் அடித்தால் (தீ மேனிஃபோல்டுக்குத் திரும்பினால்) மூடிக்கொள்ளும். "பொல்யூஷனுக்கு மட்டும்" என்பது பாதிதான் உண்மை. 1961 மாடலிலிருந்து கலிபோர்னியாவில் புகைக்காகக் கார்களில் வந்தது சரிதான். ஆனால் அதற்கு முன்பே, இரண்டாம் உலகப்போரில், ஆழமான தண்ணீரில் இறங்கும் டாங்க் எஞ்சின்களுக்கு இந்த மாதிரி மூடிய அமைப்பு வந்துவிட்டது. எஞ்சினைக் காப்பாற்றத்தான்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். போல்ட் அடித்த பிறகு முதலில் ஐடில் இறங்கியது, புகைபோக்கியில் பெட்ரோல் வாடை. அந்த வால்வு வழியாக வரும் காற்றையும் கணக்கில் எடுத்துத்தான் கார்புரேட்டர் அமைத்திருப்பார்கள், அதை அடைத்தால் கலவை கெட்டியாகும். அப்புறம் டாப்பெட் கவர் ஓரமெல்லாம் ஆயில் கசிவு, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சி தானாக மேலே ஏறி நின்றது. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது, அந்த 40 கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் முக்கி முக்கி ஏறுமல்லவா, பாதி வழியில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிட்டது. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் தள்ளிக்கொண்டு ஆயில் கிளட்ச் பிளேட்டில் இறங்கியிருக்கிறது.

திரும்ப அதே பட்டறைக்குப் போனால், "வயசான எஞ்சினுங்க, ரிங் போயிருச்சு, போர் பண்ணித்தான் ஆகோணும்" என்றார்கள், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டுமாம். ஒரு பிளக்கைக்கூடக் கழற்றவில்லை, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்ற அளவு) பார்க்கவில்லை. பார்வையிலேயே ரிங் போனது தெரிந்துவிட்டதாம்!

அப்பா வண்டியை இழுத்துக்கொண்டு பொள்ளாச்சியில் ஒரு பெரியவரிடம் விட்டார். அவர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து திருப்பிக் காட்டினார். உள்பக்கம் முழுக்க வெளிறிய வெண்ணெய் மாதிரி ஒரு பசை அப்பியிருந்தது. "தண்ணி ஆவி வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, ஓஸைத் தடவிக்கொண்டே போய் அந்தப் போல்ட்டை விரலால் தொட்டவர், ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். கம்ப்ரெஷன் வைத்துப் பார்த்ததில் நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பயப்பட ஒன்றுமில்லை. முதலில் ஏர் ஃபில்டருக்கு ஆயில் வந்ததே பழைய வால்வு சேறு பிடித்து அடைத்திருந்ததால்தான் இருக்கும், இழுக்க வேண்டிய வழி அடைத்தால் வாயு மற்ற ஓஸ் வழியாகத் திரும்பி ஏர் கிளீனருக்குத்தான் போகும் என்றார். வால்வு மட்டும் மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். இப்போது கியர் பாக்ஸை இறக்கி, பின்பக்க சீல், கிளட்ச் பிளேட், டாப்பெட் கவர் கேஸ்கெட், புது வால்வு, புது ஓஸ், ஆயில் எல்லாம் சேர்த்து 11,400 ஆனது. வண்டி இப்போது சொட்டு ஆயில் விடுவதில்லை.

கேட்ச் கேன் (வாயுவோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் சின்ன டப்பா) மாட்டுவது வேறு விஷயம், அதை நான் குறை சொல்லவில்லை. வால்வை வைத்துக்கொண்டு நடுவில் மாட்டினால் ஆயிலைப் பிடிக்கும், அவ்வப்போது காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான். வழியையே அடைப்பதுதான் தப்பு.

நீங்களே பார்க்கலாம். வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் மாற்றிவிடுங்கள். சத்தம் வந்தாலும், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது மேனிஃபோல்ட் ஓஸோடு சேர்ந்த வால்வின் திறந்த முனையில் கட்டைவிரலை வைத்தால் இழுப்பது தெரிய வேண்டும். எஞ்சின் பிரிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கம்ப்ரெஷன் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள், கழற்றிய பழைய சாமானைக் கையில் கேளுங்கள். எங்களுக்கு "அதையெல்லாம் குப்பையில போட்டாச்சுங்க" என்றுதான் பதில் வந்தது.

அப்பா "போனது போகட்டும் விடு கண்ணு" என்கிறார். நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப்போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதின பில்லானாலும் சரி, வாங்கி வையுங்கள், அது இல்லாமல் அங்கே போய் நின்றால் பேச்சு எடுபடாது.