இரட்டைப் பட்டமா, நர்ஸிங் மட்டுமா?

சுகாதார அறிவியலையும் நர்ஸிங்கையும் சேர்த்துப் படிக்கும் இரட்டைப் பட்டம் ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளில் இருக்கிறது. அங்கே நர்ஸிங் மட்டும் படித்தால் 3 வருடம். இரண்டையும் சேர்த்தால் பெரும்பாலும் 4. உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் வருவதால்தான் இவ்வளவு சுருங்குகிறது. சரி, அந்த ஒரு வருடத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன கிடைக்கும்?

நர்ஸாகப் பதிவு செய்வதைப் பொறுத்தவரை கூடுதலாக எதுவும் கிடைக்காது. பதிவு கிடைப்பது நர்ஸிங் பட்டத்தை வைத்து. வார்டில் சேரும் முதல் நாள் இரண்டு வழியில் வந்தவரும் ஒரே படியில்தான் நிற்பார்கள். மருத்துவமனையில் நோயாளிகளிடம் நேரடியாகப் பயிற்சி எடுக்கும் போஸ்டிங் நேரமும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்சம் 800 மணிநேரம். பொம்மையை வைத்துப் பழகும் லேப் நேரம் அதில் சேராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்தப் பயிற்சியே குறைந்தது 4,600 மணிநேரம், அதில் பாதியாவது நோயாளிகளிடம். பக்கத்தில் இன்னொரு பட்டம் இருக்கிறது என்று யாரும் இதில் சலுகை தருவதில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சர்க்கரை நோயாளி ஒருவர் காலில் புண்ணோடு வருகிறார். நர்ஸிங்கில் அந்தப் புண்ணின் நீளம், அகலம், ஆழத்தை அளக்கக் கற்கிறோம். 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறோம். டிரெஸ்ஸிங் மாற்றுகிறோம், எந்தச் செருப்பு போடலாம் என்று சொல்லி அனுப்புகிறோம். அதே மனிதர் சில வாரத்தில் மறுபடி வந்து நிற்பார். சுகாதார அறிவியல் பேச ஆரம்பிப்பது அங்கேதான். ஒரே பகுதியிலிருந்து ஏன் இத்தனை பேர் வருகிறார்கள், பாதப் பரிசோதனைக்கு அவர்கள் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது, நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவருக்குக் காலுக்கு ஓய்வு கொடு என்றால் நடக்குமா? இதையெல்லாம் எண்ணிப் பார்க்கவும் நிரூபிக்கவும் நோய்ப்பரவலியலும் புள்ளியியலும் கற்றுத் தருகின்றன. 1858-லேயே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், போரில் இறந்த வீரர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காயமல்ல, தடுத்திருக்கக்கூடிய நோய்தான் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். இந்த இரண்டு அறிவும் ஒரே ஆளிடம் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு எனக்கு அவர்தான் சாட்சி.

ஆனால் விலை உண்டு, அது உடம்பில் தெரியும். காலை 7 மணி ஷிஃப்டுக்கு நின்று, மாலை கால் வலியோடு வந்து, சுகாதாரக் கொள்கைக் கட்டுரையை எழுத உட்கார வேண்டும். இதைவிட எனக்குக் கவலை தருவது இடைவெளி. இரண்டு போஸ்டிங்குக்கு நடுவே ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பறையிலேயே போனால் கை மறந்துவிடும். மருந்தளவுக் கணக்கும் அப்படித்தான்: 0.5 மில்லிகிராமில் அந்தப் புள்ளி கண்ணில் படாவிட்டால் பத்து மடங்கு மருந்து போய்விடும். தனி நர்ஸிங்கில் வருகிறவருக்குப் பழக்கம் அவ்வளவாக அறுபடாது.

இன்னொரு வழி, நர்ஸிங் முடித்துச் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை. பலருக்கு இதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். வார்டைப் பார்த்தபின் எழும் கேள்விகளோடு புள்ளியியல் வகுப்பில் உட்கார்ந்தால் பாடம் வேறு மாதிரி ஏறும். சம்பளமும் கையில் இருக்கும். 17, 18 வயதிலேயே சமூக நலம், தொற்றுநோய்த் தடுப்பு, ஆராய்ச்சி என்று மனம் ஓடுகிறவர்களுக்கு மட்டும் இரட்டைப் பட்டத்தைத் தயங்காமல் சொல்வேன். ரெஸ்யூமேயில் இரண்டு வரி வரும் என்பதற்காக எடுக்காதீர்கள்; மூன்றாம் வருடம் தாங்காது. வேறு பட்டம் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், பட்டதாரிகளுக்கென்றே சில இடங்களில் உள்ள 2 வருட நர்ஸிங் படிப்பை முதலில் பார்க்கலாம்.

சேரும் முன் பல்கலைக்கழகத்திடம் போஸ்டிங் அட்டவணையை வருட வாரியாகக் கேளுங்கள். நர்ஸிங் பாடத்திட்டத்துக்கு அந்த நாட்டுப் பதிவு அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்த அமைப்பின் பட்டியலிலேயே பாருங்கள். நடுவில் முடியாமல் போனால் நர்ஸிங்கை மட்டும் முடித்து வெளியேற விடுவார்களா, அதுவரை எழுதிய சுகாதார அறிவியல் பாடங்கள் என்னவாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பிச் சேர வேண்டாம்.